வயிற்றுக்குள் ஓர் ஒண்டிக்குடித்தனம்

குழாய்க்குள் நீர் சீராக ஓடுவதற்கும் சுழித்து ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், என் வலது தொடையின் உட்புறத்தில் ஏதோ ஊர்ந்தது. 2014 ஜனவரி மாதம். இடம் எத்தியோப்பியாவின் ஹவாசா நகரம். எதிரே அறுபது மாணவர்கள். வியர்வை என்று நினைத்து இன்னும் இரண்டு அம்புக்குறிகளைப் போட்டேன். வியர்வையானால் கீழ்நோக்கித்தான் வழிய வேண்டும் என்பது பாய்ம இயக்கவியல் கற்பிக்கும் எவனுக்கும் தெரியும். இதுவோ சற்று இறங்கி, நின்று, ஏதோ நினைத்துக்கொண்டாற்போலப் பக்கவாட்டில் திரும்பியது. அன்று வகுப்பு இருபது நிமிடம் முன்னதாகவே முடிந்தது. மாணவர்கள் மகிழ்ந்தார்கள்.

கழிப்பறைக் கதவைத் தாழிட்டுவிட்டுப் பார்த்தேன். முக்கால் அங்குல நீளம், கால் அங்குல அகலம், தட்டையான வெள்ளைத் துண்டு. ரிப்பன் பக்கோடாவை எண்ணெயில் போடுவதற்கு முன், அச்சிலிருந்து விழுந்த மாவுத் துண்டு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. வேறுபாடு ஒன்றுதான், இது நீண்டு மெலிந்து, பிறகு குறுகித் தடித்து, மறுபடியும் நீண்டது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஊரிலிருந்து திரும்பிய சக விரிவுரையாளர் ஒருவரிடம் என் மனைவி ஒரு கிலோ ரிப்பன் பக்கோடா கொடுத்தனுப்பியிருந்தாள். பாதிதான் தீர்ந்திருந்தது. மீதியை அன்று மாலையே காவலாளியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த நாடாப்புழுத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான் நான் திருநெல்வேலியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். அப்போது எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் தமிழ்நாட்டு விரிவுரையாளர்கள் ஏராளம். டாலரில் சம்பளம், இரண்டாண்டு ஒப்பந்தம், ஊரில் பாதி கட்டி நின்ற வீடு என்ற மூன்றும் எங்கள் எல்லோருக்கும் பொது. அந்த நாட்டில் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். நான் இறங்கிய வாரம் அவர்களுக்கு 2006-ஆம் ஆண்டு பிறந்திருந்தது. ஏழு வயது குறைந்துவிட்ட உற்சாகத்தில் இருந்தவனைத் துறைத் தலைவர் செப்டம்பர் 27 அன்று மெஸ்கெல் என்னும் சிலுவைத் திருநாள் விருந்துக்கு அழைத்தார்.

அவர் குராகே இனத்தவர். கிட்ஃபோ என்ற உணவின் பிறப்பிடமே அவர்கள் ஊர்தான். கொழுப்பில்லாத மாட்டிறைச்சியைக் கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்தி, மசாலாவிட்டு உருக்கிய நெய்யையும் மித்மித்தா என்னும் காரப்பொடியையும் சேர்த்துப் பிசைந்து, பாலாடைக்கட்டியும் கீரையும் பக்கத்தில் வைத்து, வாழைக்கு ஒன்றுவிட்ட சகோதரியான என்செட் மரத்தின் இலையில் பரிமாறினார்கள். அந்த இலையைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். இலை போட்டுப் பரிமாறுகிறவர்கள் கெடுதல் செய்யமாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நெய்யின் சூட்டில் இறைச்சியும் வெதுவெதுப்பாக இருந்ததால், சமைத்தது என்றே எண்ணிக்கொண்டேன். அது முழுப் பச்சை இறைச்சி என்பது மூன்றாவது கவளத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்குள் நான்காவது கவளத்துக்குக் கை போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அதைவிடச் சுவையான ஓர் இறைச்சியை நான் இன்றுவரை உண்டதில்லை. நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு தொடங்கி, ஊரில் இறைச்சி வரத்து குறையும்வரை சனிக்கிழமைதோறும் கிட்ஃபோதான்.

எங்கள் வீட்டு அடுப்படிக்கு மாட்டிறைச்சி வந்ததில்லை. அதை உண்பது சரியா தவறா என்ற வழக்கு இங்கே தேவையில்லை. நான் வீட்டில் சொல்லாமல் உண்டேன் என்பதுதான் சிக்கல். வயிற்றில் நாடாப்புழு என்று சொன்னால், எப்படி வந்தது என்ற அடுத்த கேள்வி தொலைபேசியில் உடனே வரும். ஒரே ஒரு வேளை மாத்திரையில் தீரக்கூடிய ஒரு நோயை நான்கு மாதம் இழுத்தடித்ததற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. மனைவியின் அந்த ஒரு கேள்விதான் காரணம்.

நாடாப்புழு வந்தால் ஆள் துரும்பாக இளைத்துவிடுவான் என்றுதான் நானும் கேள்விப்பட்டிருந்தேன். பள்ளிக்கூட நாளில் யாராவது கூடுதலாக இரண்டு இட்லி தின்றால் ‘வயித்துக்குள்ள என்னலே வளக்கிற’ என்று கேட்பார்கள். எனக்கோ எடை மூன்று கிலோ கூடியிருந்தது. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. சிலருக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல், பசி கூடுதல் அல்லது குறைதல், அவ்வளவுதான். தானாக ஊர்ந்து வெளியேறும் இந்தத் துண்டுகளே பலருக்கு முதலும் கடைசியுமான அறிகுறி. எனக்கு வேறொரு அறிகுறியும் இருந்தது: உணவு விடுதியில் இரண்டாவது தட்டுக்குச் சொல்லும்போது ‘தனியாளா இருந்தா ஒண்ணு போதும்’ என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

எதிரியைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒருவித மரியாதையே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எனக்கு ‘அவர்’தான். அவருக்கு வாய் கிடையாது, குடலும் கிடையாது; நாம் மென்று செரித்து வைத்ததை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கிறார். சிறுகுடலின் சுவரில் நான்கு உறிஞ்சிகளால் தலையைப் பதித்துக்கொண்டு, கழுத்துப் பகுதியிலிருந்து நாளும் புதிய துண்டுகளை முளைக்க வைத்து, ரயில்பெட்டி கோப்பதுபோல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். வளர்ந்த புழுவில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் பெட்டிகள் வரை இருக்கும். நீளம் வழக்கமாக 5 மீட்டருக்குள், அரிதாக 25 மீட்டர் வரையும் போகும். கடைசிப் பெட்டிகள் முற்றியதும் நாளொன்றுக்கு ஆறு போலக் கழன்று விழுகின்றன; ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் முட்டைகள் வரை இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வயிற்றில் ஒருவர்தான். பிரெஞ்சுக்காரர்கள் இவரை ‘ஒற்றைப் புழு’ என்றே அழைக்கிறார்கள். எங்கள் வழக்கில் ஒண்டிக்கட்டை. என் வீட்டில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, முன்பணமும் தராமல், வாடகையும் தராமல், தண்ணீருக்குச் சண்டையும் போடாமல் ஒண்டிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் இப்படி ஆராய்ச்சியில் கழிந்தது. பிறகு நான் செய்ததுதான் எனது முதல் முட்டாள்தனம். பெட்டிக்குள் ஊரிலிருந்து கொண்டுபோன அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று இருந்தது. ‘பூச்சி மாத்திரை’ என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுப்போமே, அதேதான். பூச்சி என்றால் எல்லாம் ஒரே பூச்சிதானே என்று விழுங்கிவிட்டேன். மறுநாள் ஒரு முழ நீளத்துக்குச் சங்கிலி வெளியே வந்தது. பிறகு துண்டுகள் நின்றன. தனியாகக் காப்பி குடித்துக் கொண்டாடினேன். அந்த மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கு நன்றாக வேலை செய்யும்; 2015-இல் தொடங்கி நம் நாட்டில் ஆண்டுக்கு இருமுறை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுப்பதும் அவற்றை ஒழிக்கத்தான். நாடாப்புழு விஷயத்தில் அதன் ஒரு வேளையை நம்ப முடியாது. வால் எத்தனை முழம் அறுந்தாலும், தலையும் கழுத்தும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் ரயில் மறுபடியும் முழு நீளத்துக்கு ஓடத் தொடங்கிவிடும்.

அந்த மூன்று மாதமும் நான் உத்தமனாக இருந்தேன். பிப்ரவரி கடைசியிலிருந்து ஈஸ்டர் வரை எத்தியோப்பியத் திருச்சபையின் 55 நாள் பெருநோன்பு. ஊரே இறைச்சி, பால், முட்டை எதையும் தொடாமல் இன்ஜெரா என்னும் புளித்த மாவுத் தோசையும் கடலைமாவுக் குழம்பும் உண்டது. நானும் அதையே உண்டேன். குடலுக்குள் இருந்தவரும் அதையே உண்டிருக்கிறார். நோன்பை முறிக்காமல் கடைப்பிடித்து, ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் கழித்து, மே மாதத்தின் ஒரு காலை குளியலறைத் தரையில் தமது முதல் தூதரை அனுப்பி வணக்கம் சொன்னார்.

அன்றுதான் துறைத் தலைவரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ ஊழலை ஒப்புக்கொள்பவனைப்போல விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நான் வேலையை விடப்போவதாக நினைத்திருக்கிறார். புழு என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ‘ஓ, கோசோவா!’ என்று மேசையைத் தட்டிச் சிரித்தவர், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, ‘இப்போதுதான் நீங்கள் முழு ஹபெஷா ஆகியிருக்கிறீர்கள்’ என்றார். அவர்கள் தம்மைத்தாமே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. கதவைத் திறந்துவைத்தே பேசினார். வெளியே அமர்ந்திருந்த செயலாளர் அம்மையாரும் உரையாடலில் கலந்துகொண்டு, தம் பாட்டி காலத்துக் கைமருந்தைச் சொன்னார்.

அந்தக் கைமருந்தின் பெயரும் கோசோதான். அம்ஹாரிக் மொழியில் புழுவுக்கும் அதைக் கொல்லும் மரத்துக்கும் ஒரே பெயர். மலைப்பகுதிகளில் வளரும் அந்த மரத்தின் பெண் பூங்கொத்துகளை உலர்த்தி இடித்து, வெறும் வயிற்றில் குடிப்பார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாள் குறித்துக்கொண்டு குடிப்பது ஒரு காலத்தில் ஏழை பணக்காரர் பேதமின்றி எல்லோருக்கும் வழக்கமாக இருந்தது. பச்சை இறைச்சியை விடமாட்டோம், அதற்கான அபராதத்தைத் தவணையில் கட்டிவிடுவோம் என்ற அந்த ஏற்பாட்டின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. 1770-வாக்கில் அங்கே சுற்றிய ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ்கூட இந்த மரத்தைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். நாமோ சிறு வயதில் விளக்கெண்ணெய் குடித்த நாளைக்கூட வெளியில் சொல்லக் கூசுகிற கூட்டம். ஆனால் கோசோவை நான் குடிக்கவில்லை. அளவு மீறினால் கடும் வாந்தியும், சிலருக்குப் பார்வைப் பாதிப்பும் வரும் என்பதால் துறைத் தலைவரே அதைத் தடுத்து, மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். போகும்போது ‘ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்றார்.

அது மிக நல்ல ஆலோசனை. ‘ஏதோ வெள்ளையாக வருகிறது டாக்டர்’ என்று விவரிப்பதைவிட, மூடியுள்ள சிறு புட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, துண்டைப் போட்டு எடுத்துப்போனால் பாதி வேலை முடிந்துவிடும். மூடி முக்கியம்; துண்டுகள் ஏறி வெளியே வந்துவிடும். நான் ஊறுகாய்ப் புட்டியில் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் இருந்த இளைஞர் இடுக்கியால் அதை எடுத்து, இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். துண்டின் நடுவே ஒரு தண்டு. அதன் இருபுறமும் கிளைகள். மார்கழியில் இலை உதிர்ந்து நிற்கும் மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததுபோல் இருந்தது. ஒரு பக்கத்துக் கிளைகளை விரலால் சுட்டிச் சுட்டி எண்ணினார். பதினேழு. ‘மாடு’ என்று எழுதினார்.

இந்த எண்ணிக்கை விளையாட்டல்ல. கிளைகள் குறைவாக, ஏழிலிருந்து பதின்மூன்றுக்குள் இருந்திருந்தால் அது பன்றி இறைச்சியில் வரும் இன்னொரு நாடாப்புழு. அதன் தலையில் உறிஞ்சிகளோடு கொக்கிகளும் உண்டு. புழுவாக இருக்கும்வரை அதுவும் பரம சாது. அதன் முட்டைகள் மனிதர் வாய்க்குள் போனால்தான் கேடு: குஞ்சுகள் இரத்தத்தில் ஏறித் தசையிலும் மூளையிலும் கட்டிகளாகத் தங்கிவிடும். நம் நாட்டில் திடீரென்று வலிப்பு வருகிறவர்களில் கணிசமானோருக்கு அதுவே காரணம். ‘நான் சைவம், எனக்கெப்படி வரும்’ என்பவர்கள் கவனிக்க: முட்டை பன்றியிடமிருந்து வருவதில்லை, அந்தப் புழுவை வயிற்றில் வைத்திருக்கும் மனிதரிடமிருந்து, கழுவாத கை வழியாகவும் கழுவாத கீரை வழியாகவும் வருகிறது. என் வீட்டில் குடியிருந்த மாட்டு வகையின் முட்டை மனிதருக்கு அப்படி ஒன்றும் செய்யாது. ஆனால் ஆய்வகம் சொல்லும்வரை எந்த வகை என்று நமக்குத் தெரியாது. ஆகவே துண்டைக் கண்ட நாள்முதல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் வீட்டிலுள்ளவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. (பன்றிப் புழுவின் வாழ்க்கையை 1855-இல் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் கூக்கென்மைஸ்டர், மரண தண்டனைக் கைதி ஒருவரின் உணவில் அந்தக் கட்டிகளைக் கலந்து கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் குடலைத் திறந்து பார்த்திருக்கிறார். என் மெஸ்கெல் விருந்து அந்தக் கடைசி விருந்தைவிட மேல் என்று அதைப் படித்த அன்று தேற்றிக்கொண்டேன்.)

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி வயிற்றைப் பற்றியதன்று. தலைவலி உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று இரண்டு முறை கேட்டார். மூளையில் பன்றிப் புழுவின் கட்டிகள் இருப்பவர், நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் மாத்திரையை விழுங்கினால், கட்டிகள் ஒரேயடியாகச் செத்து, மூளை வீங்கி வலிப்பு வரக்கூடும் என்பதே காரணம். மருந்துக்கடையில் பெயரைச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல இது என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. அளவு, கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று கணக்கிட்டார். என் எடை 74 கிலோ. 600 மில்லிகிராம் மாத்திரையில் நான்காக உடைக்க வசதியாகக் கோடுகள் போட்டிருக்கிறார்கள், ஒன்றேகால் மாத்திரை. நாக்கில் படாமல் தண்ணீரோடு விழுங்கிவிட வேண்டும், பட்டால் வேப்பங்காய் தோற்றுப்போகும். விலை ஒரு தட்டுக் கிட்ஃபோவைவிடக் குறைவு.

நான் பொறியியல் ஆசிரியன்; அளக்காமல் விட மனம் வரவில்லை. ஐந்து மீட்டர் இரும்பு அளவுநாடாவை ஆய்வுக்கூடத்திலிருந்து கையெழுத்திட்டு வாங்கிவந்து, பழைய செய்தித்தாளையும் கையுறையையும் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்து மீட்டர் போதுமா என்ற கவலை வேறு. மறுநாள் வந்ததோ குழைந்துபோன சேமியாவைப்போல ஒரு கலங்கல். அந்த மருந்து புழுவின் தோலைச் சிதைத்துவிடுவதால், குடலே அதைப் பாதி செரித்துவிடுமாம். இத்தனை நாள் என்னை உண்டவரைக் கடைசியில் நான் உண்டிருக்கிறேன். அளவுநாடாவைத் துடைக்கக்கூடத் தேவையின்றித் திருப்பிக் கொடுத்தேன். தலை வந்ததா என்று தேடிப் பயனில்லை. ஒரு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் மலப் பரிசோதனை செய்து, துண்டோ முட்டையோ இல்லை என்று உறுதிசெய்வதுதான் ஒரே வழி.

அன்றிரவு மனைவியிடம் சொல்லிவிட்டேன். விருந்தில் தொடங்கி மாத்திரையில் முடித்தேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை.

“ஏங்க, அப்ப எட்டு மாசமா எனக்குத் தெரியாம ஒருத்தர வச்சிருந்திருக்கீக.”

“வச்சிருக்கலட்டி, அதுவா வந்து ஒட்டிக்கிட்டது.”

“எல்லா ஆம்பளையும் அப்படித்தான் சொல்லுவாக. அது ஆணா, பொண்ணா?”

ஒவ்வொரு துண்டிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும் என்ற உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் என் மாமியார் எழுந்து வந்துவிட்டார். மாட்டிறைச்சியைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான்கு மாதம் நான் பயந்த கேள்வி வரவேயில்லை; ‘பச்சையாவா தின்னீக, வேகக்கூட வைக்காம?’ என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். யோசித்தால் மருத்துவ ரீதியாகவும் சரியான கேள்வி அதுதான்.

அதற்குப் பிறகும் ஹவாசாவில் ஓராண்டு இருந்தேன், கிட்ஃபோவையும் விடவில்லை. அங்கே அதை மூன்று பதத்தில் தருவார்கள்: பச்சை, வாட்டியும் வாட்டாமலும் எடுக்கும் ‘லெப் லெப்’, முழுவதும் வெந்த ‘யெபெசெலே’. லெப் லெப் என்பது மனத்தை ஏமாற்ற உதவுமே தவிர, புழுவை ஏமாற்றாது. தசைக்குள் அரிசிமணி, பட்டாணி அளவில் தண்ணீர்ப் பையாகப் பதுங்கியிருக்கும் குஞ்சு செத்துவிட்டது என்று நம்பி உண்ண வேண்டுமானால், கொத்திய இறைச்சி உள்ளுக்குள் 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். கோலா உருண்டைக்குப் பிசைந்த பச்சைக் கொத்துக்கறியில் நுனிவிரலால் தொட்டு உப்புப் பார்க்கும் பழக்கம் நம் அடுப்படிகளிலும் உண்டு. அதையும் விட்டுவிடுவது நல்லது. நான் ‘யெபெசெலே’ என்று சொல்லும்போதெல்லாம், பரிமாறுகிறவர் கல்யாண வீட்டில் ரசஞ்சோறு மட்டும் கேட்பவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாட்டிடமிருந்து எனக்கு வந்தது என்று நான் மாட்டைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் புழு முதிர்ந்து வாழ்வது மனிதக் குடலில் மட்டும்தான். மனிதர் வெட்டவெளியில் கழித்த முட்டையைப் புல்லோடு மேய்ந்ததால்தான் மாட்டின் தசையில் குஞ்சு குடியேறுகிறது. வழக்கென்று வந்தால் மாடுதான் வாதி. கழிப்பறை கட்டாத நாம்தான் பிரதிவாதி.

ஆகஸ்டில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். மூன்றாம் மாதப் பரிசோதனையைத் திருநெல்வேலியிலேயே செய்து, ‘முட்டை எதுவும் காணப்படவில்லை’ என்ற தாளோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, அடுப்படியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஒரு தட்டு நிறைய ரிப்பன் பக்கோடா என் முன்னால் வந்தது. நான் கையை நீட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் குனிந்து, ஒரு துண்டை விரலால் தட்டில் இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அசையல. சாப்பிடுங்க.”